கருதப்படும் என்றால், படுவது யார்?

பிப்ரவரி 3, செவ்வாய்

பள்ளிக்கூட வாசலில் கேமரா வந்துவிட்டது. முன்னால் போய் நின்றால் முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லி 'வருக' என்கிறது. வருகைப் பதிவையும் அதுவே போட்டுக்கொள்கிறது. அப்புறம்தான் கதவு திறக்கும். முகத்தைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள் என்றால் அது முகத்துக்குப் போட்ட வரிதானே? முகவரி!

வகுப்பில் சொன்னேன். மின்மினி மட்டும் உடனே சிரித்தாள். மற்ற ஜடங்களுக்கு மதியம்தான் விளங்கியது.

மின்மினி என் பக்கத்து இருக்கை. கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருப்பாள். நடுநடுவே தலை ஒரு வெட்டு வெட்டி இடப்பக்கம் திரும்பும். அவளாகச் செய்வதில்லை, தானாக வருவது, சின்ன வயதிலிருந்தே. மின்மினி என்று பெயர் வைத்தது நான். பிடித்திருக்கிறது என்று சொல்லி வைத்துக்கொண்டது அவள்.

பள்ளி மலரில் தலைமையாசிரியர் படம் முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. கத்தரிக்கோல் எங்கே வைத்தேன்?

பிப்ரவரி 4, புதன்

வெற்றி!! படத்தை வெட்டி அளவுகோலில் ஒட்டி முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "வருக, தலைமையாசிரியர் அவர்களே." கதவு திறந்தது. எனக்குப் பின்னால் வந்தவர்களும் அதே அளவுகோலில் உள்ளே வந்தார்கள். ஒரே காலையில் ஒரு தலைமையாசிரியர் அரை வகுப்பாகப் பெருகினார்.

கடைசியில் நிஜமானவர் வந்தபோதுதான் கேமராவுக்குப் புத்தி வந்தது. "உங்கள் வருகை ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்றது கேமரா. கதவு திறக்கவில்லை. சொந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் மனுஷன் பையோடு நின்றார். பாவமாகத்தான் இருந்தது. சிரிப்பாகவும்தான்.

பிப்ரவரி 5, வியாழன்

ஒரு வாரம் பள்ளிக்கு வரக் கூடாதாம். "வீட்ல தனியா விட்டா, திரும்பி வரும்போது வீடு இருக்காது" என்று அம்மா என்னைச் சித்தியிடம் தள்ளிவிட்டாள்.

சித்தி அம்மாவின் தங்கை, வக்கீல். ஆனால் படங்களில் வருகிற மாதிரி மேசையைத் தட்டுகிற வக்கீல் இல்லை. குடிமக்கள் உரிமைச் சங்கத்தில் வேலை. சங்கம் என்றதும் பெரிய கட்டடம் என்று நினைத்திருந்தேன். சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே டியூபுக்குக் காற்றடித்தால் மேலே தரை மூச்சு விடுகிறது.

அங்கே சித்தியைத் தவிர தாடி அண்ணன் என்று ஒருவர். முன்பு ஏதோ கம்பெனியில் இந்த மாதிரி முகம் பார்க்கிற மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவராம். இப்போது அதே மென்பொருள்களைப் பிரித்துப் பார்க்கிறார். "பாவத்துக்குப் பரிகாரமா அண்ணா?" என்றேன். "பரிகாரம் இல்ல, ரிப்பேர். கீழ் கடை மாதிரிதான்" என்றார். பிழைக்கத் தெரிந்தவர்.

சித்தி போனில் செயலி ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனைகளை முதலிலிருந்து கடைசி வரை படிப்பாள், பிறகு 'சம்மதமில்லை'யை அழுத்துவாள். உலகத்தில் அந்தப் பொத்தானை அழுத்திய ஒரே ஆள்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஆபீஸ் கெட்டில் கொதிக்கும்போது சித்தி பாடுகிற மாதிரியே இருக்கிறது. சொன்னேன். கெட்டில் கோபித்துக்கொண்டு அணைந்துவிட்டது.

பிப்ரவரி 9, திங்கள்

இன்று ஒரு விஷயம் பார்த்தேன். எழுதி வைக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவை ஒழுங்குபடுத்த அரசு ஒரு சட்ட வரைவு போட்டிருக்கிறது. மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு. தலையணை கனம். சித்தி அதைப் பென்சிலோடு படிக்கிறாள். கேமரா, அபராதம், பாதுகாப்பு மாதிரிப் பெரிய பெரிய சொல்லையெல்லாம் விட்டுவிட்டு, ஓர் உப்புச்சப்பில்லாத சொல்லைச் சுற்றி வட்டம் போடுகிறாள். 'சேகரிக்கப்படும்.' 'பகிரப்படும்.' 'கருதப்படும்.'

"என்ன சித்தி, கோலமா?"

"படும் வேட்டை. சேகரிக்கப்படும்னு இருக்கு. யார் சேகரிக்கிறா? சொல்லவே இல்ல பார். செய்றவன் ஒளிஞ்சுக்கணும்னா செயப்பாட்டுவினைக்குள்ளதான் ஒளிவான்."

"அப்ப படும் படும்னு முடியிற வாக்கியத்துல படுறது யாரு? நாமதானே?"

பென்சில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மறந்திருப்பேன்.

"இன்னொரு தடவை சொல்லு, வாலு."

சொன்னேன். ஓரத்தில் எழுதிக்கொண்டாள். என் கடிக்கு இதுவரை அடிதான் கிடைத்திருக்கிறது. அடிக்கோடு கிடைத்தது இதுதான் முதல்முறை.

பிப்ரவரி 23, திங்கள்

தேர்வு தொடங்கிவிட்டது. தேர்வறையிலும் கேமரா. காப்பியடிப்பவர்களைக் கண்டுபிடிக்குமாம். எழுதும்போது யாரோ கழுத்தில் ஊதுகிற மாதிரியே இருந்தது.

மார்ச் 9, திங்கள்

ரிசல்ட். எனக்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி. அம்மாவுக்குச் சொல்லிக்கொள்ளாத மாதிரி.

மின்மினிக்கு ரிசல்ட்டே இல்லை. பலகையில் அவள் பெயருக்கு நேராக: 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. நேர்மைக் குறியீடு குறைவு.'

நேர்மைக் குறியீடு! அவளுக்கு! போன வருஷம் என் கட்டுரையைத் திருத்தித் தந்தபோது கூட, "இந்த வரி நல்லா இருக்கு, ஆனா உன்னுது இல்ல, எடுத்துடு" என்று சொன்னவள். அவளுக்கா?

'அடிக்கடி பக்கவாட்டில் பார்த்தல்' என்று காரணம் போட்டிருக்கிறது. அது பார்த்தல் இல்லைடா மடையா, அது அவ தலை. தானா திரும்புற தலை. இடப்பக்கம் உட்கார்ந்திருந்தது யாரு? நான்! என் பேப்பரைப் பார்த்து அவ காப்பியடிச்சாளாம். யாராவது நம்புவாங்களா? என் பேப்பரைப் பார்த்து நானே காப்பியடிக்க மாட்டேன்.

அவள் அழவில்லை. சிமிட்டல்தான் மழை மாதிரி ஆனது. மேல்வகுப்பில் அறிவியல் பிரிவு எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஏப்ரல் நடுவில் இடங்களை நிரப்பிவிடுவார்கள். அதற்குள் ரிசல்ட் இல்லையென்றால் இடமும் இல்லை.

அவள் அப்பா பேருந்து ஓட்டுநர், சீருடையோடு அப்படியே வந்தார். "நான் என்னங்க பண்றது? சிஸ்டம் சொல்லுது" என்றார் தலைமையாசிரியர். "என் பொண்ணு முகத்தை வெச்சு எடை போட உங்களுக்கு யார் சார் சொன்னது?" என்று கேட்டதற்கு விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். 'பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர், பள்ளியின் அனைத்துக் கண்காணிப்பு முறைகளுக்கும் ஒப்புதல் அளித்ததாகக் கருதப்படும்.'

கருதப்படும். எங்கேயோ பார்த்த முகம்.

மார்ச் 10, செவ்வாய்

மின்மினியையும் அவள் அப்பாவையும் சித்தியிடம் கூட்டிப் போனேன்.

தாடி அண்ணன் விளக்கினார்: "அசையாம உட்கார்ந்து எழுதின பசங்க வீடியோவை ஆயிரக்கணக்குல காட்டி, இதுதான் நேர்மைன்னு அதுக்குப் பழக்கியிருப்பாங்க. அசைஞ்சா மார்க் குறையும்."

"அப்ப குத்துக்கல்லைக் கொண்டு வந்து உட்கார வெச்சா நூத்துக்கு நூறு" என்றேன்.

மின்மினியின் அப்பா, "டாக்டர் சர்ட்டிபிகேட் இருக்கும்மா. அதைக் காட்டினா நாளைக்கே விட்டுடுவாங்க இல்ல?" என்றார்.

சித்தி அவருக்குப் பதில் சொல்லாமல் மின்மினி பக்கம் திரும்பினாள். "காட்டினா வேலை சுலபம். உண்மையைச் சொல்றேன், ரொம்பவே சுலபம். ஆனா அது உன்னைப் பத்தின விஷயம். காட்டலாமா வேண்டாமான்னு நீ சொல்லு."

மின்மினி யோசித்தாள். தலை இரண்டு தரம் வெட்டியது. "வேண்டாம்க்கா. நான் கண் சிமிட்டுறதுக்கு ஒரு மெஷின்கிட்ட ஏன் காரணம் சொல்லணும்? இன்னைக்குக் காட்டினா எல்லா இடத்துலயும் காட்டணும். அப்புறம் நான் எங்க போனாலும் எனக்கு முன்னாடி அந்த சர்ட்டிபிகேட் போகும்."

ஏய், இடம் போயிடும்டி! கத்த வாயைத் திறந்தேன். சித்தி கையைக் காட்டி அடக்கிவிட்டாள்.

"சரி. அப்ப கஷ்டமான வழியில போவோம்." ஏதோ வலப்பக்கத் தெரு அடைத்திருக்கிறது, இடப்பக்கம் போவோம் என்கிற மாதிரிச் சொன்னாள். ஒரு பெருமூச்சுகூட இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எனக்குத் தெரிந்த தைரியமெல்லாம் அளவுகோலில் படம் ஒட்டுகிற தைரியம். இது வேறு ஜாதிச் சரக்கு. இரண்டு பேருக்கும்.

மார்ச் 12, வியாழன்

ரிசல்ட்டுக்கு அப்புறமும் வகுப்பு நடக்கிறது, மேல்வகுப்புக்கு அடித்தளமாம். அதில் எனக்கு ஒரு புதையல் கிடைத்தது. புதையல்தான் என்று அப்போது நினைத்தேன்.

தேர்வுக்கு முன்னால் ஆசிரியர் அறையில்தான் சிஸ்டத்தைச் சோதித்துப் பார்த்தார்களாம். மேல்வகுப்பு அண்ணன் ஒருவன் எப்படியோ ஒரு படத்தைக் கிளப்பிக்கொண்டு வந்திருந்தான். தலைமையாசிரியர் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்குகிறார். மேலே சிவப்பில்: 'நேர்மைக் குறியீடு மிகக் குறைவு.' ஹா! சித்தி புகார் கொடுத்திருக்கிற தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில் இதைக் காட்டினால் போதும், ஒரே நாளில் ஊரே சிரிக்கும். பறந்து போனேன் சித்தியிடம்.

படம் என்ன என்று சொன்னதுமே போனைக் கையிலிருந்து வாங்கி மேசையில் கவிழ்த்துவிட்டாள். பார்க்கக்கூட இல்லை.

"சித்தி, பாருங்க! ஜெயிச்சுட்டோம்!"

"அவர் தூங்குறது அவர் விஷயம். அழிச்சுடு."

"அவர்தானே மின்மினி ரிசல்ட்டை நிறுத்தினாரு? அவருக்கு என்ன பாவம் பார்க்குறீங்க? அவரு நம்ம எதிரி!"

"எதிரிக்கும் இமை இருக்குடி. நமக்குப் பிடிச்சவங்களுக்கு மட்டும் அந்தரங்கம் கேட்டா அதுக்குப் பேர் உரிமை இல்ல, சலுகை."

எனக்கு வந்ததே கோபம். நீங்க தோத்துப் போங்க, உங்க கொள்கையைக் கட்டிட்டு அழுங்க, மின்மினிக்கு இடம் போகட்டும்னு கத்திட்டேன். கீழே காற்றடிக்கிற சத்தம்கூட நின்று போனது. சித்தி திட்டவில்லை. ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதியாக உடைத்து, பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள்.

அழித்துவிட்டேன். படத்தைக் கொடுத்த அண்ணனையும் அழிக்க வைத்தேன். எப்படி என்று இங்கே எழுத மாட்டேன். அது அவன் அந்தரங்கம்.

மார்ச் 13, வெள்ளி

இன்னும் கோபம்தான். பிஸ்கட் நன்றாக இருந்தது.

மார்ச் 16, திங்கள்

ஆணையத்தில் விசாரணை 26ஆம் தேதி. கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. படம் கூடாது, யாரையும் அவமானப்படுத்தக் கூடாது. வேறென்ன இருக்கிறது என்னிடம்? வாய்தான்.

கணக்கு வீட்டுப்பாடத்தில் ஒரே வரி எழுதினேன்: 'இந்தக் கணக்குகள் போடப்பட்டதாகக் கருதப்படும்.'

கணக்கு டீச்சர் முட்டி போட வைத்தார். பார்த்தால் பக்கத்தில் இன்னும் நாலு பேர் முட்டி போட்டிருக்கிறார்கள். மூணாவது பென்ச் முழுக்க அதையே எழுதியிருக்கிறது!

மார்ச் 19, வியாழன்

பரவிவிட்டது. தாமதமாக வந்தவன், "சார், நான் எட்டு மணிக்கே வந்ததாகக் கருதப்படும்" என்கிறான். ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்தவள் முதலாவதாகக் கருதப்படுகிறாள். பக்கத்துப் பள்ளிக்கும் போய்விட்டதாம். தமிழ் ஐயா கரும்பலகையில் எழுதிப் போட்டு, "எழுவாய் எங்கே? கண்டுபிடி" என்று ஒரு பாட வேளையையே ஓட்டிவிட்டார்.

வீட்டிலும் முயன்றேன். "அம்மா, பாத்திரம் கழுவப்பட்டதாகக் கருதப்படும்."

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாப்பாடும் போடப்பட்டதாகக் கருதப்படும்."

இந்தக் குடும்பத்தில் வாய் யாரிடமிருந்து வந்தது என்று இனி ஆராய வேண்டியதில்லை. கழுவினேன்.

மார்ச் 25, புதன்

சித்தி வந்திருந்தாள். சண்டைக்கு அப்புறம் சரியாகப் பேசவில்லை. வாசலிலேயே நின்று கேட்டாள்: "நாளைக்கு விசாரணையில உன் வீட்டுப்பாட ஜோக்கைச் சொல்லிக்கலாமா? உன் பேர் சொல்ல மாட்டேன். வேண்டாம்னா விட்டுடறேன்."

ஒரு ஜோக்குக்கு அனுமதி கேட்கிறாள்! ஊரே என் கடிகளைத் திருடிச் சொல்கிறது, ஒரு ஜீவன் கேட்டதில்லை. "சொல்லிக்கோங்க. ஆனா சரியான இடத்துல நிறுத்தணும். நீங்க ஜோக் சொன்னா கெட்டில் கொதிச்சு முடிச்ச மாதிரி இருக்கும்" என்றேன்.

ஒத்திகை பார்த்தோம். மோசம். திரும்பப் பார்த்தோம். சுமார்.

மார்ச் 26, வியாழன்

தரவுப் பாதுகாப்பு ஆணையம். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஒரு பக்கம் கம்பெனி வக்கீல், கோட்டு மடிப்பில் விரல் வைத்தால் வெட்டும். பக்கத்தில் தலைமையாசிரியர். இந்தப் பக்கம் சித்தி. அவள் கோப்பு ரப்பர் பேண்டில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின் வரிசையில் மின்மினி, அவள் அப்பா, தாடி அண்ணன், நான்.

சித்தி எழுந்ததும் பொரிந்து தள்ளப் போகிறாள் என்று பார்த்தால், "காப்பியடிக்கிறது நடக்குதுங்க. ராப்பகலா படிச்ச பிள்ளைக்கு அது பெரிய அநியாயம். அதைத் தடுக்கணும்கிறதுல எங்களுக்கும் பள்ளிக்கும் சண்டையே இல்ல" என்று ஆரம்பித்தாள். கோட்டு வக்கீல் தன் காகிதத்தில் முதல் பக்கத்தை அப்படியே திருப்பிவிட்டார். அவர் பேச வைத்திருந்ததை எல்லாம் இவளே பேசி முடித்துவிட்டாள்.

பிறகு தலைவரிடம் அனுமதி வாங்கி ஒரே கேள்வி. "இந்த மாணவி நேர்மையா எழுதலைன்னு கருதினது யாரு?"

தலைமையாசிரியர்: "நான் இல்லைங்க. சிஸ்டம் சொன்னதைத்தான் போட்டேன்."

கோட்டு: "சிஸ்டம் எதையும் முடிவு செய்யறதில்ல. அது ஒரு எண் தருது, அவ்வளவுதான். முடிவு பள்ளியோடது."

தலைமையாசிரியர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அன்றைக்கு வாசலில் கதவு திறக்காமல் நின்றபோது இருந்த அதே முகம்.

"ஆக, பள்ளி கருதல. கம்பெனி கருதல. மெஷினும் கருதலையாம்" என்றாள் சித்தி. குரலை உயர்த்தவே இல்லை. "யாருமே கருதாத குற்றத்துக்கு ஒரு பிள்ளை தண்டனை அனுபவிக்குது. ஒப்புதலும் அப்படித்தான். அவங்க அப்பா இவளை ஒண்ணாம் வகுப்புல சேர்த்தப்ப இந்தக் கேமராவே கிடையாது. ஆனா ஒப்புதல் கொடுத்ததா கருதப்படுமாம். ஐயா, அந்தப் பள்ளியில பிள்ளைங்க இப்ப 'வீட்டுப்பாடம் செய்யப்பட்டதாகக் கருதப்படும்'னு எழுதிட்டு வர்றாங்க. எந்த ஆசிரியரும் ஏத்துக்கல."

நிறுத்தினாள். சரியான இடத்தில்!

"ஏத்துக்கக் கூடாதுதான். பிள்ளை எழுதினா செல்லாத வாக்கியம், பள்ளி எழுதினா மட்டும் எப்படிச் செல்லும்?"

நடுவில் இருந்த தலைவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் டம்ளருக்குள் சிரித்தார். பிறகு கேட்டார்: "மாணவி அடிக்கடி திரும்பினதுக்கு உடல்நலக் காரணம் ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லுங்க, உடனே முடிச்சுடலாம்."

அவ்வளவு சுலபமாகக் கதவைத் திறந்து வைத்துவிட்டார். சித்தி திரும்பி மின்மினியைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். மின்மினி இல்லை என்று தலையாட்டினாள்.

"குற்றம் சொல்றவங்கதான் நிரூபிக்கணும்ங்க. திரும்பினதுக்குக் காரணம் சொல்ல வேண்டிய கடமை இந்தப் பிள்ளைக்குக் கிடையாது. இன்னைக்கு இவ சொன்னா, நாளைக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன் உடம்பைப் பத்தி ஒரு கேமராவுக்கு விளக்கம் எழுதணும்."

உட்கார்ந்துவிட்டாள். நான் கைதட்ட எழுந்தேன். தாடி அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அவருக்கே கண் கலங்கியிருந்தது. தாடி இருப்பதால் பாதிதான் தெரிந்தது.

வெளியே வந்ததும் சித்தி கோப்புக்கு ரப்பர் பேண்டை மூன்று தரம் தவறவிட்டு மாட்டினாள். "ஜோக்கு சரியா வந்துச்சா?" என்று கேட்டாள். உலகத்தில் வேறு கவலையே இல்லாத மாதிரி.

ஏப்ரல் 2, வியாழன்

தீர்ப்பு வரவில்லை. மின்மினி எனக்கு வேதியியல் சொல்லித் தருகிறாள், தனக்கு இடம் கிடைக்குமா என்றே தெரியாமல். நான் ஒரு கடிகூடச் சொல்லவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

வந்துவிட்டது!

ஒரு மனிதர் விடைத்தாளைப் படித்து, தன் பெயரைப் போட்டு முடிவு சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் வைத்து எந்தப் பிள்ளையின் ரிசல்ட்டையும் நிறுத்தக் கூடாது. 'கருதப்படும்' ஒப்புதல் பிள்ளைகள் விஷயத்தில் செல்லாது.

கத்தினேன். கீழே சைக்கிள் கடைக்காரர் மணியை அடித்தார், எதற்கென்றே தெரியாமல்.

சித்தி ஒரு முழு பிஸ்கட் சாப்பிட்டாள். உடைக்காமல். அதுதான் விழா. பிறகு திருத்திய சட்ட வரைவை எடுத்தாள். பிள்ளைகள் பற்றிய பிரிவில் அந்தச் சொல் போய்விட்டது. தெருக் கேமரா பற்றிய பிரிவில் அப்படியே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பென்சிலைச் சீவினாள்.

"இன்னைக்கு ஒரு நாளாவது சும்மா இருங்களேன் சித்தி."

"சும்மா இருந்ததா கருதிக்கோ" என்றாள்.

கவனித்தாயா, நாட்குறிப்பே? 'கருதிக்கோ.' செய்வினை. ஜோக்கும் நன்றாக இருந்தது. யாரிடமும் சொல்லிவிடாதே.

ஏப்ரல் 13, திங்கள்

பலகையில் புதுத் தாள். தலைமையாசிரியரே கைப்பட எழுதியது: 'இந்த மாணவியின் விடைத்தாள்களை நான் முழுவதும் படித்தேன். நேர்மையாக எழுதியிருக்கிறார் என்று நான் கருதுகிறேன்.' கீழே கையெழுத்து.

மின்மினியின் அப்பா பேருந்தை நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஓடி வந்து படித்தார். 'நான்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பேருந்துக்குள்ளே பயணிகள் ஹாரன் அடித்தார்கள்.

தலைமையாசிரியர் என்னைக் கடந்து போனார். அந்தப் படம் இப்போது உலகத்தில் எங்கும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. "காலை வணக்கம் சார்" என்றேன். எதையும் ஒளித்து வைக்காமல் அவருக்கு நான் சொன்ன முதல் வணக்கம். சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

ஜூன் 8, திங்கள்

மேல்வகுப்பு, முதல் நாள். கேமரா வாசலில்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்த தாளில், 'முகப் பதிவுக்குச் சம்மதமா?' என்று கேட்டு இரண்டு கட்டம் போட்டிருந்தார்கள். 'ஆம்' என்று ஒன்று. 'இல்லை' என்றும் ஒன்று. உலகத்தில் அந்தப் பொத்தானை அழுத்திய இரண்டாவது ஆள் நான்.

மூன்றாவது ஆள் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள், அறிவியல் பிரிவுப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு. சின்னக் கதவில் காவலாளி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "வாம்மா" என்றார். அவ்வளவுதான். உள்ளே போனாள்.

போனவள் திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எப்போதும் வருகிற சிமிட்டலா, எனக்கென்று அடித்த கண்ணா?

நான் எதுவும் கருதவில்லை.